வரைந்த படம் திரைக்கு வருவது எவ்வாறு?

கணினியில் விளையாட்டு நிரல் எழுதப் பழகுவோர் அனைவரும் என்றேனும் ஒரு நாள் மூன்று இடையூறுகளைச் சந்திக்கின்றனர். வரைந்த படம் திரையில் தோன்றுவதே இல்லை. அல்லது தோன்றிய படம் அழியாமல் வால்போல் நீண்டுகொண்டே செல்கிறது. அல்லது படம் கண் கூசும்படி துடிதுடிக்கிறது. இவை மூன்று வெவ்வேறு நோய்கள்போல் காணப்படினும் வேர் ஒன்றே. அவ்வேரை எனக்குத் தெளிவாகக் காட்டியது நம் பள்ளிப் பெற்றோர் நாளில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியாகும். ஆதலின் அதனின்றே தொடங்குகிறேன்.

ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, இடைநிலைப்பள்ளியில் பயிலும் தன் அண்ணனிடம் பைத்தான் என்னும் நிரல்மொழியைக் கற்று, பைகேம் என்னும் துணைத்தொகுப்பின் உதவியால் ஒரு விளையாட்டை எழுதியிருந்தாள். செம்பனை மரத்திலிருந்து உதிரிப் பழங்கள் விழும். கீழே ஒரு கோணிப்பையை இடமும் வலமும் நகர்த்தி அவற்றை ஏந்த வேண்டும். பழத்திற்கு ஒரு புள்ளி. அவள் தந்தை செம்பனைத் தோட்டத்தில் குலை அறுப்பவர். விளையாட்டின் கருப்பொருள் எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டியதில்லை. பெற்றோர் நாளன்று அவர் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, கிள்ளானிலிருந்து பேருந்து பிடித்து வந்திருந்தார்.

மகள் நிரலை இயக்கினாள். கரிய கட்டம் ஒன்று தோன்றியது. மரமும் இல்லை, பழமும் இல்லை, பையும் இல்லை. மீண்டும் இயக்கினாள், மீண்டும் அதே கருமை. அவள் முகம் வாடிவிட்டது. அருகிலிருந்த மற்றொரு சிறு கட்டத்தில் மட்டும் புள்ளிக் கணக்கு, 1, 2, 3 என்று வரிவரியாக ஏறிக்கொண்டிருந்தது. தந்தை அதைச் சற்று நேரம் உற்று நோக்கிவிட்டு, “ஏம்மா, கணக்கு ஏறுதே! உள்ளே வேலை நடக்குது. நம்ம கண்ணுக்குத்தான் தெரியலை” என்றார்.

கணினியைத் தொட்டறியாத அவர் சொன்னது முற்றிலும் உண்மை. பழங்கள் விழுந்துகொண்டுதான் இருந்தன. பை அவற்றை ஏந்திக்கொண்டுதான் இருந்தது. குறை எங்கே என்று நான் கண்டறிவதற்குள் அவர் புறப்படும் வேளை வந்துவிட்டது. பேருந்து போன பின்னர் நிரலை வரிவரியாகப் படித்துப் பார்த்தபோது ஒரே ஒரு வரி காணாமற்போயிருப்பது தெரிந்தது. முந்தின இரவு நிரலைச் சீர்படுத்தும்போது, “இந்த வரி எதையும் வரையவில்லையே, இது எதற்கு?” என்று எண்ணி அவளே அதை நீக்கிவிட்டிருந்தாள்.

அவள் எண்ணியதில் பிழையில்லை. அந்த வரி எதையும் வரைவதில்லைதான். பின் அஃது என்ன செய்கிறது?

முதலில் திரையின் இயல்பை அறிவோம். கணினித் திரை என்பது மிகச் சிறிய ஒளிப்புள்ளிகளின் அணிவகுப்பு. இவற்றைப் படப்புள்ளிகள் என்பர். நம் பள்ளி மடிக்கணினியில் வரிசைக்கு 1366 புள்ளிகள் வீதம் 768 வரிசைகள் உள்ளன. பெருக்கினால் 10,49,088 புள்ளிகள். எந்தப் புள்ளி என்ன நிறத்தில் ஒளிர வேண்டும் என்பது நினைவகத்தின் ஒரு பகுதியில் எண்களாக எழுதப்பட்டிருக்கும். திரையை இயக்கும் உறுப்பு விநாடிக்கு 60 தடவை அந்த எண்களை மேலிருந்து கீழாகப் படித்து, அதன்படி புள்ளிகளை ஒளிரச் செய்கிறது. இதுவே திரை புதுப்பித்தல் எனப்படும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். திரைக்குப் பழம் என்றால் என்ன, பை என்றால் என்ன என்று தெரியாது. சிவப்புப் புள்ளிகள் சில வட்டமாகக் கூடியிருப்பதை நாம் பழம் என்கிறோம். திரைக்கு அவை வெறும் புள்ளிகள். பழம் இருக்குமிடம் வேறோர் இடத்தில், நிரலின் கணக்கில், இரண்டு எண்களாக இருக்கிறது: இடப்புறத்திலிருந்து எத்தனை புள்ளி, மேலிருந்து எத்தனை புள்ளி. கணக்கிலுள்ள எண் மாறினால் திரையிலுள்ள வட்டம் தானாக நகர்ந்துவிடாது. நிரல்தான் பழைய வட்டத்தைத் துடைத்து, புதிய இடத்தில் மற்றொரு வட்டத்தை வரைய வேண்டும்.

ஆகவே ஒரு விளையாட்டு நிரல் இடைவிடாது ஒரே சுற்றைச் சுற்றி வருகிறது. எந்த விசை அழுத்தப்பட்டது என்று பார்க்கிறது. யார் எங்கே இருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறது. பலகை முழுவதையும் துடைக்கிறது. எல்லாவற்றையும் புதிதாக வரைகிறது. இறுதியில் அதைக் கண்ணுக்குக் காட்டுகிறது. பிறகு மீண்டும் முதலிலிருந்து. தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டு எடுப்பதை நம் தாத்தா பாட்டிமார் அறிவர். நேற்று வேலைக்கு வந்தவர் இன்றும் வந்திருப்பார் என்று எண்ணி யாரும் பெயரைத் தாண்டிப் போவதில்லை. ஒவ்வொரு நாளும் முதற்பெயரிலிருந்து கூப்பிட வேண்டும். கணினியின் பெரட்டு விநாடிக்கு 30 தடவை அல்லது 60 தடவை நடக்கிறது என்பதே வேறுபாடு. பழம் சுற்றுக்கு 6 புள்ளி கீழே இறங்குவதாகவும் விநாடிக்கு 30 சுற்று நடப்பதாகவும் கொண்டால், விநாடிக்கு 180 புள்ளி இறங்கும். 360 புள்ளி உயரமுள்ள கட்டத்தை அது 2 விநாடியில் கடந்துவிடும். நம் கண்ணுக்குத் தெரிவது ஒரே பழம் வழுக்கிக்கொண்டு விழுவது; உண்மையில் நடப்பது 60 படங்கள் அடுத்தடுத்து வரையப்பட்டு அழிக்கப்படுவது.

சுற்றில் துடைக்கும் வேலையை மறந்தால் என்ன ஆகும்? முன்பு வரைந்த வட்டங்கள் அனைத்தும் அங்கேயே தங்கிவிடும். பழம் விழுவதற்கு மாறாக, மேலிருந்து கீழ்வரை சிவப்புக் கோடு ஒன்று நீளும். இதுதான் வால் நீளும் நோய். பைகேமில் துடைப்பதற்கென்று தனிக் கட்டளை கிடையாது. பலகை முழுவதற்கும் ஒரே நிறத்தைப் பூசிவிட்டால் பழையவை மறைந்துவிடும். தொடக்க நிலையில் இந்த முறையே போதும். மாறிய பகுதியை மட்டும் துடைத்து வரைவது சிக்கனமானதுதான். வாசற்கோலத்தின் ஒரு மூலையை யாரேனும் மிதித்துவிட்டால் அந்த மூலையை மட்டும் திருத்துவதில்லையா? ஆனால் ஒரு பழத்தின்மேல் மற்றொரு பழம் படியும்போது எதைத் துடைப்பது, எதை விடுவது என்ற கணக்கு சிக்கலாகிவிடும். இக்காலக் கணினிகளின் வேகத்திற்கு, சிறிய விளையாட்டில் முழுவதையும் துடைப்பதே நேர்வழி என்பது என் கருத்து.

இனி, காணாமற்போன அந்த வரிக்கு வருவோம்.

நம் பழைய வகுப்பறைகள் சிலவற்றில் மரச்சட்டத்தில் பொருத்திய சுழல் கரும்பலகை இருந்தது; இரு புறமும் எழுதலாம். ஆசிரியர் ஒருவர் மாணவர் கண்முன்னே பலகையைத் துடைத்துப் புதுப்படம் வரைகிறார் என்று கொள்வோம். முதலில் வெறும் பலகை, பிறகு அரை மரம், பிறகு முழு மரம், கடைசியில் பழம். ஒரு தடவை என்றால் பார்க்கலாம். விநாடிக்கு 30 தடவை இப்படித் துடைத்துத் துடைத்து வரைந்தால், கண்ணுக்கு வெறும் பலகையும் அரைகுறைப் படமும் முழுப்படமும் மாறி மாறித் தோன்றும். திரை துடிப்பது இதனாலேயே. நிரல் துடைத்துவிட்டு இன்னும் வரையாமலிருக்கும் கணத்தில் திரையின் உறுப்பு வந்து எண்களைப் படித்துவிட்டால், அது வெறுமையைத்தான் காட்டும். அடுத்த தடவை முழுப்படம் அகப்படும், அதற்கடுத்து அரைப்படம். இதில் திரையின் குற்றம் ஏதுமில்லை; இருந்ததை அது காட்டியது.

ஆசிரியர் என்ன செய்யலாம்? பின்புறப் பலகையில் யாரும் காணாதவாறு துடைத்து, வரைந்து, முடித்த பின்னர்ப் பலகையைச் சுழற்றிவிடலாம். மாணவர் கண்ணுக்கு எப்போதும் முடிந்த படமே தெரியும். அவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இப்போது பின்புறமாகிவிட்ட மறுபக்கத்தில் அடுத்த படத்தை வரையத் தொடங்கலாம். கணினியிலும் இதே ஏற்பாடுதான். நினைவகத்தில் படத்திற்கென்று இரண்டு பலகைகள் வைக்கப்படுகின்றன. ஒன்றைத் திரை படித்துக்கொண்டிருக்கும். மற்றொன்றில் நிரல் வரைந்துகொண்டிருக்கும். வரைந்து முடிந்ததும் முன்னது பின்னதாகவும் பின்னது முன்னதாகவும் மாறும். அவ்வாறு மாற்றச் சொல்லும் கட்டளைக்குப் பைகேமில் ‘பிலிப்’ என்று பெயர். ஆங்கிலத்தில் அதற்குப் புரட்டு என்று பொருள்.

அம்மாணவி நீக்கிய வரி அதுவே. அவள் நிரல் பின்புறப் பலகையில் மரத்தையும் பழத்தையும் பையையும் ஒவ்வொரு சுற்றிலும் ஒழுங்காகத் துடைத்துத் துடைத்து வரைந்துகொண்டிருந்தது. பலகையைப் புரட்டத்தான் ஆளில்லை. முன்புறமோ தொடக்கத்தில் இருந்த கருமையுடன் அப்படியே நின்றது. ‘பழத்தை வரை’ என்னும் கட்டளையைக் கொடுத்துவிட்டால் பழம் தெரிந்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். வரைவது வேறு; காட்டுவது வேறு. இந்த வேறுபாடு விளங்காதவர்கள் நிறத்தை மாற்றிப் பார்ப்பர். வட்டத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பர். கணினி பழுது என்றுகூடச் சொல்லிவிடுவர்.

‘ஸ்கிராட்ச்சில் எழுதியபோது இந்தத் தொல்லை எங்களுக்கு வரவில்லையே’ என்று மாணவர் சிலர் கேட்கக்கூடும். நல்ல வினா. 2007ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் வெளியிட்ட ஸ்கிராட்ச், சிறுவருக்கென்றே அமைக்கப்பட்டது. அதன் மேடை 480க்கு 360 புள்ளிகள் கொண்டது. துடைப்பது, உருவங்களை மீண்டும் வரைவது, பலகையைப் புரட்டுவது ஆகிய மூன்றையும் அது நம்மைக் கேளாமலே விநாடிக்கு 30 தடவை செய்துவிடுகிறது. தாய் ஊட்டிவிட்ட சோறு போன்றது அது. பைத்தானுக்கு வந்தால் நாமே பிசைந்து உண்ண வேண்டும்.

ஆயினும் ஸ்கிராட்ச்சிலும் இவ்வேறுபாட்டைக் கண்கூடாகக் காண ஒரு வழி உண்டு. எழுதுகோல் தொகுதியைச் சேர்த்துக்கொண்டு ஒரு புள்ளிக்கோலம் வரையச் செய்யுங்கள். கோலத்தில் 300 சிறு கோடுகள் இருந்து, சுற்றுக்கு ஒரு கோடு வரையப்பட்டால், முழுக்கோலம் தோன்ற ஏறத்தாழ 10 விநாடி ஆகும். தீபாவளிக் காலத்தில் கோலாலம்பூர் வணிக வளாகங்களில் வண்ண அரிசிக்கோலம் இடுவதைச் சுற்றி நின்று பார்ப்பதுபோல், கோடு கோடாக வளர்வதைக் காணலாம். இப்போது அதே கட்டளைகளை நீங்களே உருவாக்கும் ஒரு புதுக் கட்டளைக்குள் இட்டு, ‘திரையைப் புதுப்பிக்காமல் இயக்கு’ என்று பொருள்படும் குறியைத் தேர்ந்தெடுங்கள். கோலம் முழுவதும் ஒரே கணத்தில் மலர்ந்துவிடும். கோடுகளின் எண்ணிக்கை குறையவில்லை. ஒவ்வொரு கோட்டிற்கும் ஒரு தடவை பலகையைப் புரட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. இப்போது எல்லாம் முடிந்த பிறகு ஒரே தடவை காட்டுகிறது.

கோலம் என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. சென்னையில் கிப்ட் சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் கோலங்களை இலக்கண விதிகளால் விவரித்து, 1974ஆம் ஆண்டு கணினி வரைவியல் ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை எழுதினர். நம் வீட்டு வாசலில் பெண்கள் இட்டுவந்த கோலம் கணினி அறிவியலுக்குப் பாடமாயிற்று. கோலமிடும் மாணவியர் இதை அறிந்திருத்தல் நன்று.

மறைவில் ஆயத்தம் செய்து முடித்த பின் காட்டும் இம்முறை கணினிக்கு முன்பே இருந்தது. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாட்கள் பெரியோர் பலருக்கு நினைவிருக்கும். படச்சுருளில் விநாடிக்கு 24 தனித்தனிப் படங்கள் ஓடின. ஓடின என்றாலும் சுருள் வழுக்கிக்கொண்டே செல்வதில்லை. ஒரு படம் விளக்கின்முன் வந்து நிற்கும், பிறகு சட்டென்று இழுக்கப்பட்டு அடுத்த படம் வந்து நிற்கும். இழுக்கப்படும் அந்நேரத்தில் சுழலும் தகடு ஒன்று ஒளியை மறைத்துவிடும். அத்தகடு இல்லாவிட்டால் கதாநாயகன் முகம் மேலும் கீழும் இழுபட்டுக் கோடுகளாய்த் தெரியும். நின்றுகொண்டிருக்கும் படத்தின்மீதும் தகட்டின் மற்றோர் இதழ் ஒரு தடவை குறுக்கே செல்லும்; ஆகவே விநாடிக்கு 48 ஒளிவீச்சுகள் கிடைத்து, துடிப்பு கண்ணுக்குத் தெரியாமற்போகும். இரண்டு மணி நேரப் படத்தில் கணிசமான பொழுதை நம் பெரியோர் இருட்டைப் பார்த்தே கழித்தார்கள் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் உண்மை அதுதான்.

மலேசியாவில் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. அக்காலக் கண்ணாடிக் குழாய்ப் பெட்டிகளில் ஒரு மின்கதிர் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக 625 வரிகளில் ஓடி ஒரு படத்தை எழுதும். இவ்வாறு விநாடிக்கு 25 படங்கள். முதலில் ஒற்றை வரிகளையும் பிறகு இரட்டை வரிகளையும் எழுதியதால் விநாடிக்கு 50 தடவை திரை ஒளிர்ந்தது. எழுதிய ஒளி உடனே மங்கிவிடும். ஆகவே ஓயாமல் மீண்டும் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். கீழ்மூலையை அடைந்த கதிர் மேல்மூலைக்குத் திரும்பச் சிறிது நேரம் பிடிக்கும். அந்நேரத்தில் எதுவும் எழுதப்படுவதில்லை.

1977ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த அட்டாரி விளையாட்டுப் பெட்டிக்கு அந்த இடைவேளையே உயிர். அதன் நினைவகம் 128 பைட்டு மட்டுமே. ஒரு முழுப்படத்தைச் சேமிக்க இரண்டு பலகை என்ன, ஒரு பலகைக்குக்கூட அதில் இடமில்லை. ஆகவே கதிர் ஒவ்வொரு வரியாக எழுதிச் செல்லும்போதே, அந்தந்த வரிக்கு என்ன நிறம் என்று நிரல் உடனுக்குடன் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கதிர் மேலே திரும்பும் சிறு பொழுதிலும், படத்திற்கு மேலும் கீழும் விடப்பட்ட வெற்று வரிகளிலுமே விளையாட்டின் கணக்குகளைச் செய்து முடித்தனர். அக்கால நிரலாளர்களின் திறமையை எண்ணினால் வியப்பு மேலிடுகிறது. இன்று இரண்டு பலகைகளுக்கு வேண்டிய இடம் மலிவாகக் கிடைக்கிறது. ஒரு வரியில் ‘புரட்டு’ என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வரியையும் நீக்கிவிட்டால் என் செய்வது!

புரட்டுவதற்கும் வேளை உண்டு. திரையின் உறுப்பு பாதிப் படத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது பலகை மாறினால், மேற்பாதி பழைய படமும் கீழ்ப்பாதி புதிய படமுமாகத் தைத்த துணிபோல் தோன்றும். ஆதலால் ஒரு படிப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் புரட்டுமாறு அமைப்பது வழக்கம்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். திரை துடிப்பதை வெறும் அழகுக்குறை என்று விட்டுவிடலாகாது. 1997ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் கேலிச்சித்திரத் தொடரில், சிவப்பும் நீலமும் விநாடிக்கு ஏறத்தாழ 12 தடவை மாறி மாறி ஒளிர்ந்த ஒரு காட்சி இடம்பெற்றது. அதைக் கண்ட 600க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர்கள், வலிப்பு, மயக்கம், தலைச்சுற்றல் ஆகியவற்றால் மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அது திரை புதுப்பித்தலில் நேர்ந்த பிழையன்று. வேண்டுமென்றே வரைந்த ஒளிவீச்சு. ஆனால் கண்ணும் மூளையும் அந்த வேறுபாட்டை அறியா. ஒரு விநாடிக்கு மூன்று தடவைக்கு மேல் எதுவும் பளிச்சிடலாகாது என்பது இணையப் பக்கங்களுக்கான அனைத்துலக வழிகாட்டு நெறி. பிள்ளைகள் எழுதும் நிரலில் திரை முழுவதும் வெளிச்சமும் இருளுமாகத் துடிப்பதைக் கண்டால், ‘பரவாயில்லை, ஓடுகிறதே’ என்று விடாமல் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். விளக்கை அணைத்த அறையில் திரைக்கு மிக அருகில் அமர்ந்து விளையாட விடாதீர்கள்.

வீட்டில் கணினி இல்லாத மாணவர்கள் மனந்தளர வேண்டா. பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வலப்புறத் தாள்களின் கீழ்மூலையில், தாளுக்கு ஒன்றாக 24 படங்கள் வரையுங்கள்: மரத்திலிருந்து ஒரு பழம் விழுகிறது. ஒவ்வொரு தாளிலும் பழம் சிறிது கீழே வர வேண்டும். மரம் அசையாதிருக்க வேண்டும். முடித்தபின் கட்டைவிரலால் தாள்களை விரைந்து புரட்டினால் பழம் விழுவது தெரியும். வெள்ளைத் தாள் ஒவ்வொன்றும் துடைத்த பலகை. புரட்டும் விரல்தான் ‘பிலிப்’. ஒரு தாளை வரையாமல் வெறுமையாக விட்டுப் பாருங்கள்; துடிப்பு என்றால் என்ன என்பதும் விளங்கிவிடும்.

அம்மாணவி காணாமற்போன வரியை மறுநாளே சேர்த்துவிட்டாள். மரமும் பழமும் பையும் ஒரு நொடியில் தோன்றின. நிரலை விரலி ஒன்றில் பதிந்து வீட்டிற்கு எடுத்துச் சென்றாள். அண்ணனின் கணினியில் தந்தை அன்றிரவு 17 பழங்கள் பிடித்தாராம். சென்ற வாரம் அந்நிரலை மீண்டும் திறந்து பார்த்தேன். புரட்டும் வரிக்கு மேலே, கணினி படிக்காமல் தாண்டிச் செல்லும் குறிப்பாக, தமிழில் அவள் இவ்வாறு தட்டெழுதியிருக்கிறாள்: “இந்த வரி எதையும் வரையாது. அழிக்காதே.”